லேசான வாடை

எனக்கு மூக்கு மேலே கோபம் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கோபம் இருக்கட்டும், அந்த மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் பால் தீய்ந்தால் அந்த வீட்டு அம்மாளுக்கு முன்னால் எனக்குத் தெரியும். மாடிப்படியில் யார் ஏறிப் போனார்கள் என்று அவர்கள் போய் வெகுநேரம் கழித்தும் சொல்வேன். கடையில் கெட்ட முட்டையை உடைக்காமலே ஒதுக்குவேன். இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு ஒருத்தி எங்கே குடியிருக்கக் கூடாதோ அங்கேதான் நான் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டு முன்பக்கத்து ஷெட்டில், புதன்கிழமையும் சனிக்கிழமையும், இந்த வட்டாரத்து ஜனம் முழுக்கத் தன் வீட்டுத் தெர்மாகோலைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

என் வீட்டுக்காரர் இருபத்தேழு வருஷம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை பார்த்தவர். டிவியோ ஃபிரிட்ஜோ, எதுவானாலும் நாலு மூலைக்கும் தெர்மாகோல் கொடுத்து, அட்டைப் பெட்டியில் இறக்கி, டேப் ஒட்டி அனுப்புவது அவர் வேலை. ஐம்பத்தொரு வயதில் கிடங்கை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா என்றால் சும்மாவும் இல்லை, கதவுக் கீல் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, எந்தக் கதவும் சத்தம் போடாமல் திறந்து என்னைத் திடுக்கிட வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஓர் ஆலையிலிருந்து ஆள் தேடி வந்தார்கள். பழைய தெர்மாகோலை உருக்கிக் கட்டியாக்கி, அதிலிருந்து போட்டோ பிரேம் செய்கிற ஆலை. வீடுகளிலிருந்து வருவதை வாங்கி, பார்த்து, பிரித்து, பையில் கட்டிவைக்க வட்டாரத்துக்கு ஓர் ஆள் வேண்டுமாம். எங்களிடம் கார் கிடையாது, கார் ஷெட் இருந்தது.

"இத்தனை வருஷம் நான் கட்டி அனுப்பிச்சதெல்லாம் இப்ப என் வீட்டுக்கே திரும்பி வருது பாரு" என்று அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை எட்டு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். அதனால்தான் சரி என்றேன். புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன் என்று வையுங்கள்.

வாங்குவதற்கு விதிகள் உண்டு. வெள்ளையாக இருக்க வேண்டும். காய்ந்திருக்க வேண்டும். டேப்பும் லேபிளும் உரித்திருக்க வேண்டும். மூலையை ஒடித்தால் டக்கென்று ஒடிந்து மணிமணியாக உதிர வேண்டும், ரப்பர் மாதிரி வளைந்தால் அது வேறு சரக்கு. கடைசி விதிதான் முக்கியம். ஒடித்த இடத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்க வேண்டும். மீன் வந்த பெட்டியை என்னதான் கழுவினாலும் மேலே பளிச்சென்று இருக்குமே தவிர, அந்த மணிகளுக்கு நடுவே புகுந்த வாடை புகுந்ததுதான். அப்படியே உருக்கினால் சூட்டில் அது வெளியே வந்து கட்டி முழுக்கப் பரவிவிடும். அப்புறம் பிரேமாகி யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கி, வெயில் படும்போதெல்லாம் அவர்கள் கல்யாணப் போட்டோ மீன் நாறும்.

நாறினால் வாங்கக் கூடாது. என்ன நாற்றம் என்று ஒரு சீட்டில் எழுதி, அந்தத் துண்டில் ஒட்டி, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஜனம் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகுமா? தெரு முனை வரை போகிற மாதிரி போய், திரும்பி வந்து, ஷெட் மூலையில் எறிந்துவிட்டுப் போகும்.

கழுவிக் கொண்டுவாருங்கள் என்று பலகை மாட்டியிருக்கிறோம். கழுவுவது என்றால் என்ன என்பதில்தான் நமக்குள் இத்தனை அபிப்பிராய பேதம். கறி வைத்து விற்கிற தட்டுகள் வரும். அவற்றின் அடியில் ரத்தம் உறிஞ்ச ஒரு பஞ்சு ஒட்டியிருப்பார்கள். தட்டைக் கழுவுவார்கள், அந்தப் பஞ்சைத் தொட மாட்டார்கள். பஞ்சு மூன்று நாள் பிளாஸ்டிக் பைக்குள் வெந்து, பழுப்பாகி, தூக்கினால் சொட்டும். ஒரு மகராசி ஐஸ் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். திறந்தால் உள்ளே ஒரு மூலையில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. தெர்மாகோல் மணிதான் காற்றில் ஆடுகிறது என்று கிட்டே குனிந்தேன். தெர்மாகோல் மணிக்கு எங்கேயாவது கறுப்புத் தலை இருக்குமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. அன்றிலிருந்து ஷெட் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

ஆனால் ஆரம்பத்தில் அவருக்குச் சொற்கள் கொடுத்தது நான்தான். சீட்டில் 'நாற்றம்' என்று மட்டும் எழுதினால் கொண்டுவந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், என்ன நாற்றம் என்று எழுத வேண்டும். அவர் வாசலில் நின்று வர்ணிப்பார், நான் உள்ளே இருந்தபடி பெயர் சொல்வேன். பச்சை மீனும் கறியும் என்றால் கவிச்சி. அது அழுகினால் முடை. கெட்டுப்போன சாப்பாடு ஊசல். பழைய எண்ணெய் சிக்கு. ஈரத்தோடு மூடிவைத்தது பூஞ்சை. ஆள் உடம்பிலிருந்து வருவது வீச்சம். கொஞ்ச நாளில் அவரும் தேறிவிட்டார். "கவிச்சிக்கு மேல சோப்பு, சோப்புக்கு மேல பூஞ்சை, மூணு மாடி கட்டியிருக்கான்" என்று கொண்டாட்டமாக வந்து சொல்வார். குமட்டிக்கொண்டு வந்தாலும் சிரித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்த பிறகு ஆள் மாறிவிட்டார். காலையில் குளிப்பார், மத்தியானம் குளிப்பார், சாயங்காலம் குளிப்பார். சோப்பு என்றால் சும்மா சோப்பு இல்லை, தெருக்கோடியில் வரும்போதே எனக்குத் தும்மல் வருகிற சோப்பு. அதற்கு மேல் அக்குளில் பவுடர். கட்டிலை விட்டுவிட்டு ஹாலில் பாயும் தலையணையுமாகப் படுத்துக்கொண்டார். ஏன் என்றால் "முதுகுக்குத் தரைதான் நல்லது" என்றார். தன் துணியைத் தானே துவைத்தார், என்னைத் தொட விடவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு கர்சீப் துவைத்தறியாத மனுஷர்!

என் நாத்தனாரிடம் போனில் இதைச் சொல்லித் தொலைத்தேன்.

"மூணு வேளையா குளிக்கிறாரு அண்ணன்?" என்றாள். பெரிய துப்பு கிடைத்தமாதிரி ஒரு மூச்சு. "சென்ட்டும் போட்டுக்கறாரா அண்ணி?"

"பவுடர்."

"எதுக்கும் கொஞ்சம் கண்ணு வச்சுக்கோங்க அண்ணி. எங்க அண்ணன்னு நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன்."

அவளைத் திட்டிவிட்டு போனை வைத்தேன். ஆனால் வைத்த பிறகு அந்தப் பேச்சு போகவில்லை. குளித்துவிட்டு வருகிற மனுஷரைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மணம் யாருக்காக என்று தோன்றியது. நாறினால் திட்டலாம், கழுவச் சொல்லலாம். மணப்பவரை என்ன சொல்வது?

இதற்கிடையில் ஷெட் நாறத் தொடங்கியது. முன்பெல்லாம் புதனும் சனியும்தான் நாறும். இப்போது கட்டி அடுக்கிய பைகளே நாறின. நான் ஜன்னலைச் சாத்தினேன், கதவு இடுக்கில் துணி அடைத்தேன். "உங்களுக்கு மானம் ரோஷம் இல்லையா, இதுக்குள்ள எப்படி நிக்கறீங்க?" என்று கத்தினேன். அவர் இன்னொரு முறை குளிக்கப் போனார்.

ஆலையிலிருந்து ஒரு தடவை பைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் இன்னொரு தடவை. அதோடு ஒரு கடிதமும் வந்தது. சனிக்கிழமை சோதனைக்கு ஆள் வருவார், பத்துப் பையில் ஒரு துண்டு நாறினாலும் இந்த வட்டாரத்து வேலையை வேறு ஒருவருக்கு மாற்றிவிடுவோம் என்று எழுதியிருந்தது. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவின் கீலுக்கு விட்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இந்த வேலையும் போனால் இந்த மனுஷர் இனி எழுந்திருக்க மாட்டார். ஐம்பத்தைந்து வயதில் எவன் கூப்பிட்டு வேலை தருவான்?

அது ஒரு புதன்கிழமை. சண்டை போடத்தான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். இப்படி நாறுகிறதை எல்லாம் யார் வாங்கச் சொன்னது என்று கேட்டுவிட வேண்டும். அவர் வாசல் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார், நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். நான் பின்னால், ஜனம் எறிந்துவிட்டுப் போன மூலையில் நின்றேன். அங்கே கிடந்த துண்டுகளில் எல்லாம் அவர் ஒட்டிய சீட்டுகள் இருந்தன. ஒன்றைப் படித்தேன். 'லேசான வாடை' என்றிருந்தது. அடுத்ததும் 'லேசான வாடை'. இன்னொன்று, இன்னொன்று. எல்லாச் சீட்டிலும் அதே எழுத்து, அதே இரண்டு சொல். கவிச்சி எங்கே போயிற்று, சிக்கு எங்கே, மூன்று மாடி எங்கே?

முந்தானையை எடுத்தேன். ஒரு துண்டைக் கையில் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒடித்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. புது டிவியோடு வந்த சுத்தமான தெர்மாகோல், அட்டை வாசனைகூட இல்லை. இதற்கு எதற்கு வாடை என்று சீட்டு?

மேஜைப் பக்கம் பார்த்தேன். வரிசையில் முதலில் நின்றவள் புதிதாகக் குடிவந்த பெண், பயந்த சுபாவம். கையில் இருந்த வெள்ளைப் பலகையை நீட்டிவிட்டு, தப்பு செய்தவள்போல நகத்தைக் கடித்தாள். என் வீட்டுக்காரர் மூலையை ஒடித்தார், மூக்கருகே கொண்டுபோனார். ஆனால் கண் அந்தத் துண்டில் இல்லை. அவள் முகத்தில் இருந்தது. ஒரு நொடி பார்த்தார்.

"லேசா வாடை இருக்கும்மா" என்று சீட்டு எழுதினார்.

அடுத்தவள் கறிக்கடைக்காரி. தட்டு தட்டாக ஒரு கட்டு. மேஜையில் டொம்மென்று வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். ஆறடி தள்ளி நின்ற எனக்குக் குடலைப் பிடுங்கியது. அவர் ஒடித்தார், மூக்கருகே பிடித்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கறிக்கடைக்காரி சிரித்தாள்.

"நல்லாக் கழுவியிருக்கீங்க" என்றார். பைக்குள் போட்டார்.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வரிசை கலையும் வரை காத்திருந்தேன். பிறகு அந்தப் பையிலிருந்தே ஒரு தட்டை எடுத்தேன். பஞ்சு அப்படியே இருந்தது, என் விரல் நுனியில் பிசுபிசுத்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு அவரிடம் நீட்டினேன்.

"ஏங்க, இதை மோந்து பாருங்களேன். எலுமிச்சை சோப்பு போட்டுக் கழுவியிருக்காங்க போல. என்னமா மணக்குது!"

அவர் வாங்கி மோந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "எலுமிச்சைதான்."

முடை நாற்றம் அடிக்கிற அந்தத் தட்டை மூக்குக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மோந்து, தலையை வேறு ஆட்டினார்.

 தட்டைப் பிடுங்கி எறிந்தேன்.

"எத்தனை நாளா?"

அவர் தெரியாத மாதிரி பார்த்தார். அப்புறம் தோள் இறங்கியது.

"காய்ச்சலுக்கப்புறம்" என்றார். "முதல்ல சளின்னு நெனச்சேன். சரியாயிடும் சரியாயிடும்னு பார்த்தேன். ஒண்ணுமே வரலை. சாம்பிராணியும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்."

"பதினோரு மாசம்! பதினோரு மாசமா என் சமையலுக்கு என்னமா வாசனை தூக்குதுன்னு சொன்னீங்களே, அதெல்லாம்?"

"உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்."

"போன வாரம் அடிப்பிடிச்சுதே, அன்னைக்கும் ஆகா ஓகோன்னீங்க!"

"அன்னைக்கு நீ திரும்பி நின்னுட்டே. முகம் தெரியலை."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பதினோரு மாதம் ஒரு மனுஷர் என் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைச் சாப்பிட்டிருக்கிறார். நான் கண்டது என்ன? மூக்கு மூக்கு என்று பீற்றிக்கொண்டேனே, என் வீட்டுக்குள் நடந்ததை மோப்பம் பிடிக்கத் துப்பில்லை எனக்கு.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு நாத்தம்னாலே ஆகாது" என்றார். "பஸ்ல ஒருத்தன் வேர்வையோட பக்கத்துல வந்தா அடுத்த ஸ்டாப்ல எறங்கிடுவே. நான் நாள் முழுக்க இதுல கிடக்கறேன். மேல ஒட்டியிருக்கா, போயிடுச்சான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. முன்னல்லாம் தெரியும், தேய்ச்சுக் குளிச்சிட்டு உள்ள வருவேன். இப்ப... எதுக்கு வம்புன்னு மூணு வாட்டி குளிச்சேன். ஹால்ல படுத்தேன்."

குளித்ததற்குக் காரணம் இதுதான். நாத்தனாரோடு சேர்ந்து நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை நானே அருவருத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆனால் வெட்கப்பட்டு உட்கார நேரம் இல்லை. பத்துப் பை கட்டித் தயாராக இருந்தது, முகம் பார்த்து வாங்கிய பத்துப் பை. சனிக்கிழமைக்கு நடுவே இரண்டு நாள்.

"அவிழ்த்துக் கொட்டுங்க" என்றேன்.

"நீயா? உன்னால ஆகாது."

"ஆகாதுதான். கொட்டுங்க."

வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அன்பு இருந்தால் அருவருப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சமும் போகவில்லை. ஒவ்வொரு துண்டையும் ஒடித்து மூக்கருகே கொண்டுபோகும்போது உடம்பு முழுக்கக் கூசியது. ஒடிக்கும்போது வருகிற அந்தக் கிரீச் சத்தத்தில் பல் கூசியது. உதிர்ந்த மணிகள் ஈரக் கையில் அப்பிக்கொண்டன, உதறினால் போகவில்லை, முகத்தில் ஒட்டின, உதட்டில் ஒட்டின. கறிக்கடைத் தட்டுகளின் பஞ்சுகளை விரலால் பிய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பஞ்சுக்குள்ளிருந்து ரத்தம் கெட்டிப்பட்டு, கூழாகி, என் நகக்கண்ணுக்குள் போயிற்று. வாசல் தொட்டிக்கு ஓடிப்போய்க் காலையில் சாப்பிட்டதை எல்லாம் வெளியே எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"முடை" என்றேன். அவர் சீட்டில் எழுதினார்.

"சிக்கு." எழுதினார்.

"இது சுத்தம்." பையில் போட்டார்.

"ஊசல். ஊசலுக்கு மேல ரூம் ஸ்பிரே அடிச்சிருக்கா பாவி."

அவர் சிரித்துவிட்டார். எத்தனையோ மாதம் கழித்து ஒரு சரியான சிரிப்பு.

ஐம்பது துண்டுக்கு ஒரு தரம் மூக்கு மரத்துப்போனது. அப்போது வெளியே போய் நின்று என் முழங்கை மடிப்பை மோந்துகொள்வேன். சொந்த உடம்பு வாசனை பட்டால் மூக்கு திரும்பத் தெளிந்தது. இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, குமட்டல் சொல்லித் தந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பை நாலு பையாகச் சுருங்கியிருந்தது. மீதி எல்லாம் சீட்டு ஒட்டி மூலையில் மலையாகக் கிடந்தது. குளிக்கப் போனபோது என் தலைமுடியே என் பக்கத்தில் வர வேண்டாம் என்று தோன்றியது. மூன்று முறை குளித்தேன். மூன்றாவது முறை தண்ணீரை ஊற்றும்போது அவர் நினைவு வந்து, செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை சோதனைக்காரர் வந்தார். தடித்த மூக்குக் கண்ணாடி, வாயில் முகமூடி, கையில் கையுறை. முகத்தில் மிச்சம் இருந்தது நெற்றிதான், அதில் ஒன்றும் எழுதவில்லை. நாலு பையையும் அவிழ்த்தார். எங்கெங்கோ கைவிட்டு இருபது துண்டு எடுத்து, முகமூடியை இறக்கி மோந்து பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பத்துப் பைன்னு சொன்னீங்க?"

"மீதி நாறிச்சு சார். ஒதுக்கிட்டோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

சோதனைக்காரர் மூலையில் கிடந்த மலையைப் பார்த்தார். சீட்டுகளைப் படித்தார். தலையை ஆட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா முடிவதற்குள் அவர் தன் பையிலிருந்து மூன்று துண்டுகள் எடுத்து மேஜையில் வைத்தார். மூன்றும் ஒரே மாதிரி வெள்ளை.

"இப்ப இதைச் சொல்லுங்க. ஒண்ணொண்ணும் என்ன வாடை?"

என் வீட்டுக்காரர் முதல் துண்டை எடுத்தார். ஒடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். பழக்க தோஷம், சோதனைக்காரர் முகத்தைப் பார்த்தார். அங்கே கண்ணாடியும் முகமூடியும்தான் இருந்தன. படிக்க ஒரு வரி இல்லை. என் வீட்டுக்காரர் துண்டை இன்னொரு தரம் மூக்கருகே கொண்டுபோவதைப் பின்னால் நின்று பார்த்தேன். ஆறடியிலிருந்தே எனக்கு அது கவிச்சி என்று தெரிந்தது. நான் இருமினால் போதும், நாறுகிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். என் தொண்டை வரை இருமல் வந்துவிட்டது.

அவர் துண்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு மூக்கு போயிடுச்சு சார்" என்றார். "பதினோரு மாசமாச்சு. திருப்பி அனுப்பிச்ச ரெண்டு தடவையும் தப்பு என்னுதுதான். இந்த நாலு பையும் சுத்தமா இருக்குன்னா அது இவ மோந்து பார்த்தது."

இருபத்தேழு வருஷமும் எட்டு மாதமும் அதற்கப்புறம் வந்த எல்லாமும் அந்த மேஜையில் வைத்துவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார். சோதனைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

முதல் துண்டை வாங்கினேன். "மீன் பெட்டி. சோப்புத்தூள் போட்டுக் கழுவி வெயில்ல காய வச்சது." இரண்டாவது. "இது சுத்தம்." மூன்றாவதை மோந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "இது நல்ல தெர்மாகோல்தான். சோதனைக்குன்னு நீங்களே மீன் தண்ணில நனைச்சிருக்கீங்க. உள்ள போகலை, மேலாப்புல நிக்குது. நேத்து சாயங்காலம் செஞ்சிருப்பீங்க. அதோட சார், உங்க கையுறையும் நாறுது. அதைத் தொட்ட கையாலதான் இப்ப எங்க சுத்தமான பையெல்லாம் தொட்டீங்க."

அவர் கையுறையைப் பார்த்தார். கழற்றினார். எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்களுக்கு வேண்டியது மூக்கு" என்றார். "அது யாருதுன்னு ஆலைக்குக் கவலை இல்லை. உங்க பேர்ல மாத்தி எழுதிக்கறேன், கட்டி வைக்கிறதை அவர் பார்க்கட்டும். வாரம் ரெண்டு நாள் நீங்க உட்காருவீங்களாம்மா?"

வாரம் இரண்டு நாள். வருஷம் முழுக்க. கறுப்புத் தலை வைத்த புழுவும், சொட்டுகிற பஞ்சும், உதட்டில் ஒட்டுகிற மணியும். நகக்கண்ணில் இருந்தது இன்னும் போகாதமாதிரி விரலைத் தேய்த்துக்கொண்டேன். மாட்டேன் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கிற அதே பார்வை. என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துவிட்டு, இவர் எனக்காக வேண்டாம் சார் என்று சொல்லிவிடுவார்.

"உட்காருவேன்" என்றேன். "ஆனா சீ சீன்னுதான் உட்காருவேன். சந்தோஷமா செய்யணும்னு யாரும் எதிர்பார்க்கக் கூடாது."

"சீன்னு சொல்றவங்கதான் வேணும்" என்றார் சோதனைக்காரர். கையுறையைத் தன் பையிலேயே திணித்துக்கொண்டு போனார்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார். கீல் சத்தம் போடாததால் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஆனால் சோப்பு முன்னாலேயே வந்துவிட்டது. தோளில் துண்டு, தலையில் ஈரம். உள்ளே வரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். நெசத்தைச் சொல்லு" என்றார். "எம் மேல நாறுதா?"

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். தோளைப் பிடித்துக் குனியவைத்து, ஷெட்டில் செய்கிற மாதிரியே மோந்து பார்த்தேன். கழுத்து, பிடரி, காது.

"மேல சோப்பு" என்றேன். "சோப்புக்குக் கீழ பவுடர். காதுக்குப் பின்னாடி கவிச்சி. நல்லாவே நாறுது. நீங்க முன்னாடி மட்டும் தேய்க்கறீங்க, பின்னாடி விட்டுடறீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகமும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும், நான் மறைக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு நிம்மதியை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"காதுக்குப் பின்னாடியா?" என்றார்.

"காதுக்குப் பின்னாடி. மறுபடி போய்த் தேய்ங்க. தினம் வந்து கேளுங்க, சொல்றேன். ஒரு வாட்டி குளிச்சா போதும்."

அவர் போனதும் ஹாலுக்குப் போய்ச் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துப் பரணில் போட்டேன். தலையணையைக் கட்டிலில் வைக்கலாம் என்று தூக்கினேன். மூக்கு வரை வரும்போதே தெரிந்துவிட்டது. என்னைத் தொட விடாமல் தானே துவைத்து, காய்ந்ததா இல்லையா என்று தெரியாமல் ஈரத்தோடு உறையை மாட்டி, அதன் மேல் பதினோரு மாதம் படுத்திருக்கிறார். பூஞ்சை. பூஞ்சைக்குக் கீழே சிக்கு. சீ என்று வாய்விட்டே சொன்னேன். உறையை உருவி வாளியில் ஊறப்போட்டுவிட்டு, தலையணையை மொட்டை மாடி வெயிலில் கொண்டுபோய்ப் போட்டேன். பக்கத்தில் இடம் இருந்தது, என்னுடையதையும் எடுத்துவந்து போட்டேன்.